லேசர் செய்து பதினோரு மாதம்: பார்வை தெளிவு, கண் வலி மட்டும் போகவில்லை

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உங்கள் நிலையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 29. பென்னாகரத்தில் இ-சேவை மையம் நடத்துகிறீர்கள்; காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இரவு எட்டு வரை கம்ப்யூட்டர்தான். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்து இருந்தது. வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தபோது கண்ணாடி வேண்டாமே என்று பெங்களூரில் லேசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்டீர்கள். பதினோரு மாதம் ஆகிறது. போர்டில் 6/6 வரி வரை, அதாவது முழுப் பார்வைக்கான வரி வரை, படிக்கிறீர்கள். ஆனால் கண்ணில் மிளகாய்த்தூள் பட்டது போல எரிச்சல், ஊசி குத்துவது போல வலி, ஃபேன் காற்று பட்டாலே தாங்கவில்லை. செய்த இடத்தில் நான்கு முறை பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், சொட்டு மருந்து விடுங்கள்" என்றார்கள். அம்மா உடம்புச் சூடு என்கிறார். மாமா, "நல்லாத் தெரியுதில்ல, அப்புறம் என்ன வலி? எல்லாம் மனசுதான்" என்கிறார். இது மனப்பிரமையா, சரியாகுமா, அடுத்து எங்கே போய் என்ன பார்க்கச் சொல்வது, தங்கைக்கும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணையும் பவரையும் அளந்து பார்க்கும் ஆள். ஒன்பது வருடம் ஒரு கருவிழிப் பிரிவில் வேலை பார்த்தேன். பன்னிரண்டு வருடமாகத் தர்மபுரியில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் லேசருக்கு முன்னும் பின்னும் கண்ணை அளந்து பார்ப்பதே பல வருடம் என் தொழிலாக இருந்தது. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

மனப்பிரமை இல்லை. இதை முதலில் மாமாவிடம் சொல்லிவிடுங்கள். பார்வை தெளிவாக இருப்பதும் கண் வலிக்காமல் இருப்பதும் வேறு வேறு விஷயம். போர்டைப் படிப்பது ஒளி சரியான இடத்தில் குவிவதைப் பொறுத்தது. வலியைச் சொல்வது நரம்பு. லேசிக் முதல் வேலையைச் சரிசெய்யும்போது இரண்டாவதின் மேல் கை வைக்காமல் செய்யவே முடியாது.

எப்படி என்று பார்ப்போம். கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம். சராசரியாக 540 மைக்ரான் கனம், அதாவது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக இருக்கும் இடம் இதுதான். விரல் நுனியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதனால்தான் ஒரு கண்ணிமை முடி உள்ளே விழுந்தால் கூட உலகமே நின்றுவிடுகிறது. இந்த நரம்புகள் கருவிழியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடி, மேலே ஏறி, மேல்தோலுக்குக் கீழே வலை மாதிரிப் பரவுகின்றன. லேசிக்கில் மேலே சுமார் 100 முதல் 120 மைக்ரான் கனத்துக்கு ஒரு மூடி வெட்டி, ஒரு பக்கம் மட்டும் விட்டு, புத்தக அட்டையைப் போலத் திருப்புவார்கள். அதற்குத்தான் ஃபிளாப் என்று பெயர். வெட்டாமல் விட்ட அந்த ஒரு பக்கத்தைத் தவிர, சுற்றிலும் நரம்பு அறுபடுகிறது. பிறகு உள்ளே லேசர் தேய்க்கிறது. ஒரு பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் என்று வைத்தால் உங்கள் மைனஸ் ஐந்துக்கு 60, 70 மைக்ரான் போயிருக்கும், ஒரு தலைமுடி கனம். அதிலும் நரம்பு இழைகள் உண்டு.

(இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த லேசர் திசுவைச் சூடாக்காமல் சுத்தமாகச் செதுக்கும் என்பதை 1981ல் ஐபிஎம் நிறுவனத்தில் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். முதலில் சோதித்துப் பார்த்தது விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில். எத்தனையோ கோடிப் பேர் கண்ணாடியைக் கழற்றியதற்கு அது காரணம். நான் லேசருக்கு எதிரி இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.)

நரம்பு அறுந்தால் ஏன் கண் வறளுகிறது? நம் பக்கத்துக்காரர்களுக்கு போர்வெல் வைத்துச் சொன்னால் உடனே புரியும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரை ஓடவைக்கும் சென்சார் ஒயர் மட்டும் அறுந்துபோய்விட்டது. தொட்டி காய்ந்தாலும் மோட்டாருக்குச் செய்தி போகாது. கண்ணிலும் அதுதான். கருவிழி காய்கிறது என்ற செய்தி மூளைக்குப் போனால்தான் கண்ணீர்ச் சுரப்பி சுரக்கும், இமை சிமிட்டும். செய்தியே குறைந்தால் சுரப்பும் குறையும், சிமிட்டலும் குறையும். இதனோடு, ஃபிளாப் வெட்டும்போது கண்ணை அழுத்திப் பிடிக்கும் வளையம், கண்ணீரை ஒட்டவைக்கும் சளியைத் தரும் செல்களையும் பாதிக்கிறது. இது எல்லோருக்கும் முதல் சில மாதம் நடப்பதுதான். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முன்னின்று நடத்தி 2017ல் வெளியான ஆய்வில், முன்பு வறட்சியே இல்லாதவர்களில் நூற்றுக்கு 28 பேர் வரை மூன்றாம் மாதத்தில் வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கருவிழியின் உணர்ச்சி திரும்பி, வறட்சியும் குறைந்துவிடும். நரம்பு இழைகள் பழைய அடர்த்திக்கு வர அதைவிட அதிக காலம் பிடிக்கும், சில வருடம் கூட.

உங்களுக்குப் பதினோரு மாதம். இன்னும் காத்திருக்கலாம் என்று சொல்லும் கட்டம் தாண்டிவிட்டது. இனி எந்த வகை வலி என்று பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டம். நான் இந்தப் பதிலை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். வறட்சியால் வரும் வலி ஒன்று. அறுந்த நரம்பு திரும்ப வளரும்போது தப்பும் தவறுமாக வளர்ந்து, காரணமே இல்லாமல் வலிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பது இன்னொன்று. ஒயர் ஜாயின்ட் சரியாக இல்லாமல் பொறி பறப்பது போல. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். முதலாவதுக்குச் சொட்டு மருந்து வேலை செய்யும். இரண்டாவதுக்கு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் தீராது, ஏனென்றால் அங்கே குறை தண்ணீரில் இல்லை.

இந்த இரண்டாவதைத்தான் கருவிழி நரம்பு வலி என்கிறார்கள். இதில் நோயாளியைப் படுத்துகிற விஷயமே, மைக்ராஸ்கோப்பில் கண் சுத்தமாகத் தெரியும் என்பதுதான். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், காய்ந்து உரிந்த இடம் பச்சைப் புள்ளிகளாக மின்னும். வறட்சி வலியில் அந்தப் புள்ளிகள் இருக்கும். நரம்பு வலியில் புள்ளியே இருக்காது, வலி மட்டும் உயிரை எடுக்கும். "எல்லாம் நார்மல்" என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை; அவர்கள் பார்த்த கருவியில் நார்மல். நானே பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையிடம் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் வாசலில் போய் நின்று அழுததைப் பிறகு வாட்ச்மேன் சொன்னார். இப்போது அந்த வார்த்தையை நான் பயன்படுத்துவதில்லை.

எது என்று எப்படிப் பிரிப்பது? ஒரு எளிய சோதனை இருக்கிறது. கண் மரத்துப்போகும் சொட்டு, புரோபராகெயின், எல்லாக் கண் மருத்துவமனையிலும் இருக்கும். கண் அழுத்தம் பார்க்கும்போது விடுவார்களே, அதேதான். வலி அதிகமாக இருக்கும் நேரத்தில் போய், ஒரு சொட்டு விடச் சொல்லி, ஒரு நிமிடம் கழித்து வலி எவ்வளவு குறைந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும். முழுக்கப் போய்விட்டால் வலி கண்ணின் மேற்பரப்பிலிருந்து கிளம்புகிறது. கொஞ்சம் குறைந்து மீதி நின்றால் இரண்டும் கலந்திருக்கிறது. துளி கூட மாறவில்லை என்றால் வலி மேலே, மூளைக்குப் போகும் பாதையில் பதிந்துவிட்டது. சிகிச்சை எங்கே கொடுக்க வேண்டும் என்பதை அந்த ஒரு சொட்டு பெருமளவு சொல்லிவிடும். ஆனால் தயவுசெய்து, வலி போகிறதே என்று அந்த மருந்தைக் கடையில் வாங்கி வீட்டில் விட்டுவிடாதீர்கள். அடிக்கடி விட்டால் கருவிழி கரைந்து ஓட்டை விழும். அப்படிப் பார்வை போனவர்கள் உண்டு. சோதனைக்கு ஒரு சொட்டு, அதோடு சரி.

வறட்சியையும் அளக்கச் சொல்லுங்கள். இமைக்குள் காகிதத் துண்டு வைத்து ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்க்கும் ஷிர்மர் பரிசோதனை. ஐந்துக்குக் கீழே என்றால் கடுமையான குறைவு. கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்பது இன்னொன்று. பத்து நொடிக்குக் குறைந்தால் குறைபாடு. அப்புறம் இமை ஓரம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நம் இமை ஓரத்தில் வரிசையாகச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெய்தான் கண்ணீர் ஆவியாகாமல் மேலே மூடி போல நிற்பது. அது அடைத்துப் பற்பசை மாதிரி கெட்டியாகிவிட்டால், எவ்வளவு கண்ணீர் சுரந்தாலும் நிற்காது. திரை முன்னால் மணிக்கணக்கில் உட்காருபவர்களுக்கு இது மிகச் சாதாரணம், ஏனென்றால் முழுதாக இமை மூடினால்தான் அந்த எண்ணெய் பிழிந்து வெளியே வரும். "இமை எண்ணெய்ச் சுரப்பியை அழுத்திப் பாருங்கள்" என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை. சாயப் பரிசோதனை, ஷிர்மர், கண் அழுத்தம் எல்லாம் நம் மாவட்டத்திலேயே பார்த்துக்கொள்ளக் கூடியவைதான். நரம்பு இழைகளையே படம் எடுக்கும் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் பெரிய நகரத்துக் கருவிழி மையங்களில்தான் இருக்கும். அது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் சிகிச்சை நிற்காது.

வேறு காரணமும் இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. காலையில் கண்ணைத் திறக்கும் அந்த நொடியில் கிழிக்கிற மாதிரி வலித்து, அரை மணியில் அடங்கிவிடுகிறதா? அது மேல்தோல் சரியாக ஒட்டாமல் இரவில் இமையோடு சேர்ந்து உரிவது. அதற்கு இரவில் போடும் களிம்பு, வேறு வகைச் சிகிச்சை. தூங்கும்போது கண் லேசாகத் திறந்திருக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படித் தூங்குபவர்களுக்கும் காலையில்தான் மோசமாக இருக்கும். வேலை செய்யச் செய்ய புருவத்துக்கு மேலே கனமாக வலித்து, தலைவலியாக மாறுகிறதா? மைனஸ் ஐந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் பார்த்ததைவிட இப்போது கண் தசை அதிகமாக வேலை செய்கிறது. கொஞ்சம் பிளஸ் ஏறியிருந்தாலோ, இரண்டு கண்ணும் சேர்ந்து குவிவதில் குறை இருந்தாலோ அந்த வலி வரும். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு சின்னக் கண்ணாடியிலேயே தீர்ந்துபோன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவை தவிர, பார்வை மெல்ல மங்கி, சிலிண்டர் பவர் கூடிக்கொண்டே போனால் கருவிழி மெலிந்து முன்னால் பிதுங்குகிறதா என்று டோபோகிராபி, அதாவது கருவிழி வளைவின் வரைபடம், எடுத்தாக வேண்டும். உங்களுக்கு 6/6 என்பதால் அந்தக் கவலை குறைவு, இருந்தாலும் ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று சிவந்து, பீளை தள்ளி, பார்வை மங்கினால் மட்டும் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள், அன்றே போங்கள்.

சரி, இப்போது உங்கள் சொட்டு மருந்துப் பைக்கு வருவோம். ஐந்து பாட்டில் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்று சிவப்பைப் போக்கும் சொட்டு. அது ரத்தக் குழாயைச் சுருக்கும், அவ்வளவுதான். நிறுத்திவிட்டால் முன்பைவிடச் சிவக்கும். அதை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் முதலில் கேளுங்கள். இரண்டு செயற்கைக் கண்ணீரிலும் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கிறது. பாட்டிலின் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை விடும் ஆளுக்கு அந்த ரசாயனமே கருவிழியைப் புண்ணாக்கும். நான்கு முறைக்கு மேல் விடுகிறவர்களுக்கு அது சேராத மருந்துதான் வேண்டும். ஒரு தடவை உடைத்துப் பயன்படுத்தும் குட்டிக் குப்பிகளாகவோ, தனி வகைப் பாட்டிலிலோ வரும். விலை கூடுதல், தெரியும். ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நான்காவது ஸ்டீராய்டு. அதைப் பார்த்ததும் எனக்குப் பதைத்தது. டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதியதை, எரிச்சல் குறைகிறது என்று நீங்களே மருந்துக் கடையில் வாங்கி நான்கு மாதமாக விடுகிறீர்கள். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், வலியே இல்லாமல் பார்வை நரம்பு சாகும், போனது திரும்பாது. லேசிக் செய்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து: கருவிழி மெலிந்திருப்பதால் கருவி காட்டும் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். 16 என்று காட்டினால் நிஜம் அதைவிட அதிகமாக இருக்கலாம். இந்த வாரமே போய், "லேசிக் செய்திருக்கிறேன், நான்கு மாதம் ஸ்டீராய்டு விட்டேன்" என்று இரண்டையும் சொல்லி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார்.

ஐந்தாவது சைக்ளோஸ்போரின் 0.05. இதை ஒரு வாரம் விட்டுவிட்டு எரிகிறது என்று நிறுத்திவிட்டீர்கள். இந்த மருந்தைப் பல பேர் இப்படித்தான் நிறுத்துகிறார்கள், ஏனென்றால் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. அது ஆரம்பத்தில் எரியும். பலன் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகும். அழற்சியை உள்ளிருந்து அடக்கும் மருந்து அது, உடனே குளுமை தருவது அதன் வேலை இல்லை. டாக்டர் சரி என்றால் மறுபடி ஆரம்பித்து மூன்று மாதம் நிறுத்தாமல் போட்டுப் பார்க்கலாம்.

இதற்கும் அடங்காத வறட்சிக்கு, கண்ணீர் மூக்குக்குள் வடியும் சின்னத் துளையை அடைக்கும் பிளக் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். அதற்கும் மேலே, உங்கள் ரத்தத்திலிருந்தே செய்யும் சீரம் சொட்டு. கையில் ரத்தம் எடுத்து, சுற்றிப் பிரித்து, மேலே தெளியும் சீரத்தைப் பெரும்பாலும் 20 சதவீதமாகக் கலந்து தருவார்கள். நரம்பு வளரத் தேவையான பொருள்கள் அதில் இயற்கையாகவே இருப்பதால், வறட்சி, நரம்பு வலி இரண்டுக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் அதில் கெடாமல் வைக்கும் ரசாயனம் எதுவும் இல்லை. சேலத்திலோ பெங்களூரிலோ வாங்கிப் பென்னாகரம் வரை பஸ்ஸில் வருவதென்றால் ஐஸ் போட்ட தெர்மாஸில்தான் வர வேண்டும், வீட்டில் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும்; கரண்ட் நீண்ட நேரம் போனால் என்ன செய்வது என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கண் முழுவதையும் மூடி, உள்ளே திரவம் நிரப்பிப் போடும் ஸ்கிளீரல் லென்ஸும் உண்டு. விலை அதிகம், பொருத்தத் தெரிந்தவர்கள் குறைவு, ஆனால் காற்றுப் பட்டாலே துடிக்கிறவர்களுக்கு அது தரும் நிம்மதியை நேரில் பார்த்திருக்கிறேன்.

மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2018ல் வந்த பெரிய ஆய்வில் அது ஆலிவ் எண்ணெயைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. அந்தக் காசைக் குட்டிக் குப்பிகளுக்கு வையுங்கள்.

மரத்துப்போகும் சொட்டுக்கு வலி அசையவில்லை, அல்லது பாதிதான் குறைந்தது என்றால், நரம்பு வலிக்கான மாத்திரை தேவைப்படும். சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்கும் அக்கி வந்துபோன பிறகு நிற்கும் வலிக்கும் கொடுக்கிற அதே ப்ரீகாபலின், காபாபென்டின், நார்ட்ரிப்டிலின் வகைகள்தான். மன நோய்க்கு மாத்திரை கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நரம்பு தேவையில்லாமல் வலிச் செய்தி அனுப்புவதை அடக்கத்தான் அவை. மெல்ல ஏற்றி, பல மாதம் சாப்பிட்டு, மெல்லக் குறைக்க வேண்டும். தூக்கம் வரும், ஆரம்ப நாட்களில் பைக் எடுக்காதீர்கள். நார்ட்ரிப்டிலின் வாயையும் கண்ணையும் கொஞ்சம் உலர்த்தும், அதனால் கண் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தும்மலுக்கு அடிக்கடி போடும் செட்டிரிசினும் கண்ணை உலர்த்துவதுதான். அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கடையில் செய்ய வேண்டியது. தலைக்கு மேலே ஓடும் ஃபேனை நகர்த்துங்கள், அல்லது நீங்கள் நகருங்கள். மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். மேலே பார்த்தால் கண் அகலத் திறந்து அதிகம் காயும், கீழே பார்த்தால் இமை பாதி மூடியிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறை சிமிட்டுகிற மனிதர், திரையைப் பார்க்கும்போது ஐந்தாறு முறைதான் சிமிட்டுகிறார், அதுவும் அரைகுறையாக. ஒவ்வொரு டோக்கன் முடிந்ததும், அடுத்தவர் ஆதார் அட்டையை எடுத்துத் தருவதற்குள், கண்ணை மெதுவாக முழுசாக மூடி இரண்டு வரை எண்ணித் திறங்கள், ஐந்து தடவை. உங்கள் தொழிலில் அந்த இடைவெளி தானாகவே கிடைக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பைக்கில் தர்மபுரி வரும்போது பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி கட்டாயம். ஆடிக் காற்றில் அந்த ரோட்டில் வெறும் கண்ணோடு முப்பது கிலோமீட்டர் வருவது நல்ல கண்ணுக்கே ஆகாது.

இமைக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கலாம், சுத்தமான துணியைக் கை பொறுக்கும் சூட்டில் பிழிந்து, பத்து நிமிடம், தினமும். ஆனால் மேலே வைக்க மட்டும்தான். அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. ஃபிளாப் பழைய பலத்துக்கு ஒருபோதும் ஒட்டுவதில்லை. பல வருடம் கழித்துக்கூட அடி பட்டு அது நகர்ந்திருக்கிறது. கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விடச் சொல்கிறார், பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் என்கிறார்கள். அவர்கள் பாசத்தில் சொல்வது. பூவைக் கழுவி மூடிய இமை மேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் படுங்கள், அம்மாவுக்கும் ஆறுதல். கண்ணுக்குள் மட்டும் எதுவும் போகக் கூடாது. மரத்துப்போன, உரிந்த கருவிழியில் செடியிலிருந்து பூஞ்சை ஏறினால் அந்தப் புண்ணை ஆற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று, வயல் வேலைக்காரர்களின் கண்களைத் தினம் பார்க்கும் எங்களுக்குத் தெரியும். எரியும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவுவதையும் நிறுத்துங்கள். இருக்கிற கொஞ்சக் கண்ணீரையும் அது அடித்துக்கொண்டு போய்விடும்.

செய்த இடத்தில், கொஞ்சம் பவர் மிச்சம் இருக்கிறது, மறுபடி லேசர் செய்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 6/6 பார்க்கிற, வலிக்கிற கண்ணில் இப்போது மறுபடி கத்தியோ லேசரோ வேண்டாம். மிச்ச பவர் வலிக்குக் காரணம் என்றால் கண்ணாடி போட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நரம்பு வலி இருக்கும் கண்ணில் மறுபடி நரம்பை அறுப்பது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவது.

சரியாகுமா என்ற கேள்விக்கு நேர்மையாகச் சொல்கிறேன். வறட்சி மட்டும் என்றால், சரியான மருந்தும் இமைப் பராமரிப்பும் சேர்ந்தால் வேலை செய்ய முடிகிற அளவுக்கு வந்துவிடும் என்று தைரியமாக எதிர்பார்க்கலாம். நரம்பு வலி கலந்திருந்தால் நாள் ஆகும். மாதக் கணக்கு, சிலருக்கு வருடக் கணக்கு. முழுசாகப் போனவர்களும் உண்டு, பத்தில் எட்டாக இருந்த வலி இரண்டாக இறங்கி, அதோடு வாழ்க்கையை நடத்துகிறவர்களும் உண்டு. நான் சொன்ன அந்த ஆசிரியை இரண்டாவது வகை. இன்றும் கைப்பையில் குட்டிக் குப்பி இருக்கிறது, ஆனால் கரும்பலகை முன்னால் நிற்கிறார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி, சில ராத்திரி வாழவே பிடிக்கவில்லை என்று. அதைக் கடந்துபோக என்னால் முடியாது. ஓயாத கண் வலி மனிதனை அந்த இடத்துக்குத் தள்ளும், நீங்கள் பலவீனமானவர் என்பதால் அல்ல. அந்த ராத்திரி வந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசு மனநலச் சேவை, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டில் ஒருவருக்காவது அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். வலியையும் தூக்கமின்மையையும் சேர்த்துப் பார்க்கும் மனநல மருத்துவரிடம் போவது, வலி மனசில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது ஆகாது. பேசி முடித்திருக்கும் பெண்ணிடமும் மறைக்காதீர்கள். கண்ணாடியை மறைக்கத்தான் இவ்வளவும் ஆயிற்று, வலியையும் மறைக்க வேண்டாம்.

தங்கைக்கு இப்போது வேண்டாம். லேசர் கெட்டது என்பதால் இல்லை. பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு 19 வயது, போன வருடம்தான் பவர் கூடியிருக்கிறது, லென்ஸ் போட்டால் ஒரு மணி நேரத்தில் கண் உறுத்துகிறது, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறார், ஒற்றைத் தலைவலியும் இருக்கிறது. பவர் நிற்கட்டும். லென்ஸ் தாங்காத கண் பெரும்பாலும் முன்பே வறண்ட கண். அந்த மாத்திரை எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கும். ஓயாத தலைவலி, உடம்பு வலி இருப்பவர்களுக்கு இந்த நரம்பு வலி வரும் வாய்ப்பும் அதிகம். எப்போது செய்தாலும் முதலில் வறட்சிப் பரிசோதனை எடுக்காத இடத்தில் செய்ய வேண்டாம்.

நீங்கள் சேலமோ பெங்களூரோ போகும்போது "லேசிக் சென்டர்" என்று தேடாதீர்கள், கருவிழி நிபுணர் என்று கேளுங்கள். லேசருக்கு முன் எடுத்த டோபோகிராபி, கருவிழிக் கனம், பழைய பவர், எத்தனை மைக்ரான் எடுத்தார்கள் என்ற தாள் எல்லாவற்றையும் செய்த இடத்தில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். அது உங்கள் உரிமை. அறுபது வயதில் கண்புரை வந்தால் லென்ஸ் கணக்குப் போட அன்றைக்கும் அந்தத் தாள் உதவும், லேமினேட் செய்து வையுங்கள். போவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: எழுந்தவுடன், மதியம், கடை மூடும்போது, பத்துக்கு எத்தனை வலி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. அந்த நோட்டையும், ஐந்து பாட்டிலையும் அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆனால் கண் அழுத்தம் மட்டும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது, அது இந்த வாரம்.